சேர்வராயன் மலையடியில் ஓர் அலிபாபா: மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரத்தின் வாழ்க்கைக் கதை

அலிபாபா கதையை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் உண்டா? ஏழை விறகுவெட்டி ஒருவன் காட்டுக்குப் போகிறான். திருடர் கூட்டம் ஒன்று பாறையின் முன்னால் வந்து நிற்கிறது. தலைவன் மந்திரச் சொல்லைச் சொல்கிறான். பாறை திறக்கிறது. உள்ளே குவியல் குவியலாகப் பொன்னும் மணியும்! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூட இந்தக் கதையைச் சொல்வாள். சொல்லி முடிக்க அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணிக் கதையை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படமாக்கி, அதையும் முழுக்க முழுக்க வர்ணத்தில் எடுத்து, 1956-ம் ஆண்டு பொங்கலன்று தமிழ் ரசிகர்களின் முன்னால் வைத்தார் ஒருவர். அவர் சென்னைவாசி அல்ல. கோடம்பாக்கத்தில் அவருக்கு ஸ்டூடியோவும் கிடையாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் ரோட்டில், சேர்வராயன் மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அவர் ஒரு சினிமாத் தொழிற்சாலையே நடத்தி வந்தார். அவர்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம்.

படத்தின் பெயர் "அலிபாபாவும் 40 திருடர்களும்". முழுநீளமும் வர்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம் அதுதான்.

நூல் வியாபாரியின் மகன்

சுந்தரம் 1907-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பிறந்தார். திருச்செங்கோட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். தகப்பனார் ராமலிங்க முதலியார், நூல் வியாபாரத்தில் பெரிய கை. சேலம், திருச்செங்கோடு, ஈரோடு வட்டாரம் முழுவதும் தறிச் சத்தம் கேட்ட காலம் அது. நூல் விற்றவர்கள் வீட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை.

வியாபாரி வீட்டுப் பிள்ளை கடைக் கல்லாவில் உட்காருவதுதான் அந்நாள் வழக்கம். ராமலிங்க முதலியார் வீட்டில் அப்படி நடக்கவில்லை. சுந்தரம் சீமைக்குப் புறப்பட்டார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில் நுட்பம் படித்தார். பஞ்சு எப்படி நூலாகிறது, நூல் எப்படித் துணியாகிறது, ஒரு மில்லில் ஆயிரம் பேர் எப்படி ஒரு மணி அடித்தால் உள்ளே போய், மறு மணி அடித்தால் வெளியே வருகிறார்கள் என்பதையெல்லாம் அங்கே பார்த்தார். படிப்போடு இன்னொன்றும் கொண்டுவந்தார். கிளாடிஸ் என்ற ஆங்கில மங்கையைக் கைப்பிடித்து ஊர் திரும்பினார்.

ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். சுந்தரம் அதைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. பிற்காலத்தில் அவர் செய்த பல காரியங்களைப் பார்த்தால், ஊர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும் சுபாவமே அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

மில் கட்டியிருக்க வேண்டிய மனிதர் சினிமாவுக்கு வந்தது எப்படி? 1931-ல் தமிழ் பேசும் படம் பிறந்தது. ஆனால் அதைப் பெற்றெடுத்தது தமிழ்நாடு அல்ல. ஆரம்பத் தமிழ்ப் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டன. நடிகர், நடிகை, பாட்டு வாத்தியார், சமையற்காரர் எல்லோரும் ரெயிலேறிப் போவார்கள். பாஷை தெரியாத டைரக்டர், தமிழ் வசனத்தைக் கேட்டுத் தலையாட்டுவார். 1934-ல்தான் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோன் என்ற ஸ்டூடியோ தோன்றியது.

அந்த நாளில் சேலத்தில் வேலாயுதம் பிள்ளை என்பவர் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியை நடத்தினார். அவரோடு சுந்தரம் கூட்டுச் சேர்ந்தார். "திரௌபதி வஸ்திராபகரணம்", "துருவா", "நல்லதங்காள்" போன்ற படங்கள் வெளிவந்தன. வெளியூர் ஸ்டூடியோ வாசலில் காத்துக் கிடப்பது என்ன பாடு என்பதைச் சுந்தரம் அதில் தெரிந்துகொண்டார். காசு போடுகிறவர் சேலத்துக்காரர். காசு போவது கல்கத்தாவுக்கு. வியாபாரி மகனுக்கு இது பொறுக்குமா?

1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் தோன்றியது.

மலையடிவாரத்தில் ஒரு பந்தயம்

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சேலத்துக்கு வடக்கே திடீரென்று எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன் அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் உண்டு. பல மைல் தூரம் பூமியே சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தெரியும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 20. ஏறி முடித்தால் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏரியும் காடும். காபிப் பயிர் இந்த மலைக்கு வந்தது 1820-களில். கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. மலையுச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. கோபுரம் உயர்ந்த கோயில் அல்ல; குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். நார்ட்டன் பங்களாப் பக்கம் கரடிக் குகை என்று இன்னொன்றும் உண்டு. குகைக்குள்ளே பெரும் பொருள் இருக்கும், தெய்வம் இருக்கும் என்பதெல்லாம் இந்த மலை ஜனங்களுக்குப் பாக்தாதிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டிய சங்கதி அல்ல.

இப்படிப்பட்ட மலையின் காலடியில் ஸ்டூடியோ கட்டுவது அழகான யோசனைதான். ஆனால் ஆபத்தான யோசனை. நட்சத்திரங்கள் சென்னையில். பாட்டெழுதுகிறவர், வாத்தியக்காரர், விநியோகஸ்தர் எல்லாரும் சென்னையில். சேலத்தில் படம் எடுப்பதென்றால் அத்தனை பேரையும் இரவு ரெயிலில் ஏற்றி, 200 மைலுக்கு மேல் கொண்டுவந்து, சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நாள் வேலை நின்றால் அத்தனை பேருக்கும் தண்டச் சோறு. முடியாத காரியம் என்று அனுபவஸ்தர்கள் கையை விரித்திருப்பார்கள்.

சுந்தரம் இதற்குக் கண்டுபிடித்த வழி மில்லிலிருந்து வந்தது. நடிகர்கள், எழுத்தாளர்கள், தச்சர்கள், காமிராக்காரர்கள் என்று பெரும் பட்டாளத்தை மாதச் சம்பளத்தில் வைத்தார். தங்கும் இடமும் சாப்பாடும் ஸ்டூடியோவிலேயே. நேரம் தவறக் கூடாது. கதை, வசனம் முதலில் காகிதத்தில் முடிய வேண்டும், அப்புறம்தான் காமிரா. ஒரு படம் முடியுமுன் அடுத்த படத்தின் செட் எழும்பிவிடும். முதலாளி தாமே தளத்துக்கு வருவார். அவர் வரும் சத்தம் கேட்டால் சிகரெட்டுகள் அணையும் என்பார்கள். கண்டிப்பு என்ற வார்த்தையைச் சொன்னால் அந்நாள் சினிமா உலகில் இரண்டு மூன்று பெயர்கள்தான் நினைவுக்கு வரும். சுந்தரத்தின் பெயர் அதில் முதல்.

முதல் படம் "சதி அகல்யா" 1937-ல் வந்தது. மறு வருஷமே ஓர் அதிசயம் நடந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938 ஜனவரியில் வெளிவந்தது. எடுத்த இடம் சேலம்! ஒரு கதையை வைத்துக்கொண்டு பட முதலாளியைத் தேடி அலைந்த சுந்தரம் பிள்ளை என்ற மலையாளிக்குக் கதவைத் திறந்துவிட்டவர் நம் சுந்தரம். டைரக்டர் நொட்டாணி ஒரு பார்சி. காமிரா பிடித்தவர் ஜெர்மானியர். மலையாள மக்கள் முதன்முதலாகத் திரையில் தங்கள் பாஷையைக் கேட்டது சேலத்துப் படத்தில்தான் என்பதை இன்று கேரளத்தில்கூடப் பலர் மறந்திருக்கலாம்.

கதை எங்கே கிடைக்கும்?

வருஷத்துக்கு மூன்று நான்கு படம் எடுக்கிற தொழிற்சாலைக்கு என்ன வேண்டும்? பிலிம் வேண்டும், கரண்டு வேண்டும். இவற்றைவிட முக்கியமாகக் கதை வேண்டும். சுந்தரத்துக்குக் கதைப் பசி தீரவே இல்லை. எங்கே நல்ல கதை அகப்பட்டாலும் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு ஆசிரியர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதை 1940-ல் "உத்தம புத்திரன்" ஆயிற்று. பி.யு.சின்னப்பா அதில் இரட்டை வேஷம் போட்டார். தமிழ்த் திரையில் இரட்டை வேஷம் என்பது அதிலிருந்துதான் ஆரம்பம். சுந்தரம் பிள்ளையின் நாடகக் காவியமான மனோன்மணீயம் 1942-ல் "மனோன்மணி" ஆயிற்று. (இந்தச் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் பேராசிரியர், முன்னே சொன்னவர் வேறு.) வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவல் "திகம்பர சாமியார்" ஆகி, எம்.என்.நம்பியாருக்குப் பல வேஷம் கட்டும் வாய்ப்பைக் கொடுத்தது. பாரதிதாசனின் காவியம் "பொன்முடி" ஆயிற்று. குண்டலகேசியில் வரும் ஒரு சின்னக் கிளைக்கதையைக் கொண்டு மு.கருணாநிதி எழுதியது "மந்திரி குமாரி". 1950-ல் வந்த இந்தப் படத்தில், கொல்ல நினைத்த கணவனை மனைவியே மலையுச்சியிலிருந்து தள்ளிவிடும் கட்டத்தை யார் மறப்பார்கள்? டைரக்டர் எல்லிஸ் ஆர்.டங்கன் படம் முடியுமுன் அமெரிக்கா திரும்பிவிட்டார். மிச்சத்தைச் சுந்தரமே முடித்தார்.

கருணாநிதி சேலத்தில் குடியிருந்து எழுதியது அந்தக் காலத்தில்தான். கண்ணதாசனும் மாடர்ன் தியேட்டர்ஸில் சம்பளம் வாங்கியவர். எழுத்தாளர்களுக்கு மேஜை போட்டு, உட்கார்ந்து எழுதச் சொல்லிய முதலாளி அவர். கவிஞர்களுக்கு நேரக் கணக்கு பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

ஹாஸ்யத்தை அவர் ஊறுகாயாக நினைக்கவில்லை. காளி என்.ரத்தினமும் சி.டி.ராஜகாந்தமும் ஜோடி சேர்ந்து சிரிப்பூட்டிய படங்களில் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் பல. யுத்த காலப் படமான "பர்மா ராணி"யில் (1945) ஜப்பானியத் தளபதியாகத் தாமே வேஷம் போட்டுக்கொண்டு வந்தார் முதலாளி. 1952-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து "தி ஜங்கிள்" என்ற ஆங்கிலப் படமும் எடுத்தார். இந்தியக் காட்டில் ஆதி கால மயிர் யானைகள் திரிவதாகக் கதை! நம் ஊர் யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்திக் காமிரா முன் நிறுத்தினார்கள். யானைகள் என்ன நினைத்தனவோ!

பாரிசிலிருந்து சேலம் வரை

இப்போது அலிபாபாவுக்கு வருவோம். இது ஆயிரத்தொரு இரவுகள் என்ற அரபுக் கதைத் தொகுதியில் உள்ளது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் பழைய அரபு ஏடுகளில் இந்தக் கதை கிடையாது! 1709-ல் அலெப்போ நகரத்திலிருந்து பாரிசுக்கு வந்த ஹன்னா தியாப் என்ற வாலிபர் வாயால் சொல்ல, காலான் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் கேட்டுக் குறித்துக்கொண்டார். காலான் இறந்த பிறகு 1717-ல் அச்சில் வந்தது. ஆக, பாட்டி சொல்வது போலவே ஒருவர் வாயால் சொன்ன சிறுகதைதான் இது.

சிறுகதையாகக் கேட்கும்போது குறை தெரியாது. சினிமாவாக்க உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். மூலக் கதையில் அலிபாபா என்ன செய்கிறான்? மரத்தின் மேல் ஒளிந்துகொண்டு மந்திரத்தை ஒட்டுக்கேட்கிறான். தங்கத்தைக் கழுதை மேல் ஏற்றுகிறான். அவ்வளவுதான்! அப்புறம் நடக்கிற சாமர்த்தியமெல்லாம் அடிமைப் பெண் மார்ஜியானாவுடையது. வீட்டுக் கதவில் திருடன் போட்ட அடையாளத்தை அக்கம்பக்கத்துக் கதவுகளிலும் போட்டுக் குழப்புகிறவள் அவள். எண்ணெய்ச் சாடிகளுக்குள் ஒளிந்திருக்கும் திருடர்களைக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக் கொல்பவள் அவள். கடைசியில் நடனமாடியபடியே தலைவனைக் குத்துகிறவளும் அவளே. கதாநாயகன் தூங்கிக்கொண்டிருக்க வேலைக்காரி ஜெயிக்கிற கதை! எம்.ஜி.ஆரை வைத்து இதை அப்படியே எடுக்க முடியுமா? ரசிகர்கள் கொட்டகையைப் பிரித்துவிட மாட்டார்களா?

இன்னொரு சங்கடமும் இருந்தது. கதை ஊரறிந்தது. 1941-லேயே என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்து இதே பெயரில் ஒரு தமிழ் ஹாஸ்யப் படம் வந்தாகிவிட்டது. 1954-ல் பம்பாயில் ஹோமி வாடியா ஹிந்தியில் எடுத்துவிட்டார். ரசிகர்களுக்கு முடிவு தெரியும், மந்திரம் தெரியும், காசிம் குகைக்குள் மாட்டிக்கொள்வான் என்பதும் தெரியும். தெரிந்த கதைக்கு எதற்காக டிக்கட் வாங்க வேண்டும்?

சுந்தரம் இதற்குக் கொடுத்த பதில் படத்திலேயே இருக்கிறது. மார்ஜியானாவைக் காதலியாக்கினார். பானுமதி அந்தப் பாத்திரத்தில் வந்தபோது சமையலறை அடிமைப் பெண் மறைந்து, கர்வமும் குறும்பும் உள்ள நடன மங்கை வந்துவிட்டாள். அவளுடைய சாமர்த்தியத்தைப் பறிக்காமலேயே அலிபாபாவுக்கு வாள் சண்டையும் வீரமும் கொடுக்கப்பட்டன. மூலக் கதையில் பேர்கூட இல்லாத திருடர் தலைவன் அபு ஹுசேனாகி, பி.எஸ்.வீரப்பாவின் கணீரென்ற சிரிப்போடு வந்தான். பேராசை பிடித்த அண்ணன் காசிம், எம்.ஜி.சக்ரபாணி. நிஜ வாழ்க்கையிலும் அண்ணன் தம்பி, கதையிலும் அண்ணன் தம்பி! கே.ஏ.தங்கவேலுவும் கே.சாரங்கபாணியும் சிரிப்புப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். எஸ்.தட்சிணாமூர்த்தி இசையமைத்தார். பின்னாளில் ஹிந்தித் திரையில் பெரும் நட்சத்திரமான வகீதா ரஹ்மான் ஒரு நடனத்துக்கு வந்துபோனார்.

இந்தக் கதை அடிப்படையில் பயங்கரமான கதை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அண்ணனை நாலு துண்டாக வெட்டித் தொங்கவிடுகிறார்கள். அந்தத் துண்டுகளைச் செருப்புத் தைக்கிற கிழவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து தைக்கச் சொல்கிறார்கள். ஒரு முற்றம் நிறைய ஆட்கள் எண்ணெயில் வெந்து சாகிறார்கள். குழந்தைகள் பார்க்கிற படமா இது? பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். பயம் வருகிற இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் சிரிப்பு வந்து நிற்கும்படி படம் கட்டப்பட்டிருந்ததுதான் காரணம். இதுவே அந்தப் படத்தின் பெரிய சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம். வர்ணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மந்திரச் சொல்லின் விஷயத்திலும் ஒரு நல்ல தீர்மானம் செய்தார்கள். குகையைத் திறக்கும் அந்தச் சொல் வேறொன்றுமில்லை, எள்தான். அகராதியைப் பார்த்து எள்ளே திற என்று தமிழாக்கியிருந்தால் கொட்டகையில் அமாவாசைத் தர்ப்பண ஞாபகம்தான் வந்திருக்கும். சீசேம் என்ற சொல்லை அப்படியே வைத்து, முன்னால் சில விசித்திரச் சத்தங்களைக் கூட்டினார்கள். தெருவில் கோலி விளையாடுகிற பிள்ளைகளெல்லாம் மூடிய கதவுகளைப் பார்த்து அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

வர்ணச் சூதாட்டம்

வர்ணம் என்றால் இன்று யாருக்கும் அதிசயமில்லை. அன்று அது முதலாளியின் சொத்தோடு விளையாடுகிற காரியம். சில காட்சிகளுக்கு மட்டும் வர்ணம் சேர்த்த தமிழ்ப் படங்கள் முன்பே உண்டு. முழுப் படத்துக்கும் துணிந்தவர் இல்லை. பெல்ஜிய நாட்டுக் கேவா கலர் சுருளைச் சுந்தரம் வாங்கினார். கறுப்பு வெள்ளைச் சுருளைவிட விலை பல மடங்கு. வெளிச்சமோ ஏராளமாகக் கேட்கும். பெரிய பெரிய விளக்குகளைப் போட்டால் தளம் அடுப்பாகிவிடும். சேலத்து வெயிலுக்கு அது வேறு கூடுதல்! மினுமினுக்கும் அரபு உடையில், ஒட்டுத் தாடியோடு நின்று வசனம் பேசியவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

எடுத்த சுருளை இங்கே கழுவ முடியாது. பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். அது கழுவி வருகிற வரையில் எடுத்தது சரியாக விழுந்திருக்கிறதா, பச்சை பச்சையாக இருக்கிறதா, பானுமதியின் முகம் மஞ்சள் பூசியது போல் வந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. மறுபடி எடுக்க வேண்டுமென்றால் மறுபடி அத்தனை பேரையும் சேலத்துக்கு வரவழைக்க வேண்டும். மலையடிவாரத்தில் ஸ்டூடியோ கட்டிய துணிச்சலுக்கு வந்த உண்மையான சோதனை இதுதான். காமிராவைப் பிடித்தவர் டபிள்யூ.ஆர்.சுப்பாராவ். டைரக்ஷன் சுந்தரமே.

படப்பிடிப்பைப் பற்றி சினிமா உலகத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. கடைசிக் கட்டத்துக்கு எம்.ஜி.ஆர். குறித்த நேரத்தில் வந்து சேரவில்லையாம். முதலாளி காத்திருக்கவில்லையாம். அவரைப் போல உடல்வாகுள்ள ஒருவரை வைத்து எடுத்து முடித்துவிட்டாராம். சொல்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்த விதம் எப்படியோ, இப்படி ஒரு கதை சுந்தரத்தைப் பற்றித்தான் கிளம்ப முடியும். வேறு முதலாளியைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நட்சத்திரத்தை நம்பிப் படம் எடுக்கும் காலம் வந்துகொண்டிருந்தது. மணி அடித்தால் வேலை தொடங்கும் என்று நம்பியவர் அவர். இரண்டுக்கும் நடுவில் உரசல் வராமல் இருக்குமா?

1956 ஜனவரி 14-ந் தேதி படம் வெளியாயிற்று. ஜனங்கள் திரண்டார்கள். வர்ணத்தைப் பார்க்க வந்தவர்கள் பாட்டுக்காக மறுபடி வந்தார்கள். பாட்டுக்காக வந்தவர்கள் தங்கவேலுவுக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பந்தயத்தில் சேலம் ஜெயித்தது.

மறுபடி ஒரு செருப்புத் தொழிலாளி

அலிபாபாவுக்குப் பின்னும் தொழிற்சாலை ஓயவில்லை. "பாசவலை", "ஆரவல்லி", "வண்ணக்கிளி", "கைதி கண்ணாயிரம்", "குமுதம்" என்று படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் அந்த வருஷங்களில் சுந்தரம் செய்த காரியங்களில் என் மனதுக்குப் பிடித்தது ஒரு மலையாளப் படம். 1961-ல் அவரே டைரக்ட் செய்த "கண்டம் பெச்ச கோட்டு". ஒட்டுப்போட்ட கோட்டு என்று அர்த்தம். ஒரு நாடகத்திலிருந்து எடுத்த கதை. செருப்புத் தைக்கும் ஏழை முதியவர் ஒருவர், மக்கா போக வேண்டும் என்று காசு காசாகச் சேர்த்துத் தம் பழைய கோட்டின் ஒட்டுக்குள்ளே வைத்துத் தைத்து வருகிறார். வரதட்சணை இல்லாமல் ஒரு பெண்ணின் கலியாணம் நின்றுபோகும் நிலையில், அந்தப் பணம் அங்கே போய்விடுகிறது. மலையாளத்தில் முழுநீள வர்ணப் படம் அதுதான் முதல். மலையாளத்துக்கு முதல் பேசும் படத்தைக் கொடுத்த ஸ்டூடியோவே முதல் வர்ணப் படத்தையும் கொடுத்தது.

மினுமினுப்பான அரபு மாளிகைகளுக்கு வர்ணம் பூசியவர், அடுத்து அதே வர்ணத்தை ஒரு கிழவரின் கந்தல் கோட்டுக்குச் செலவழித்தார். கணக்குப் பார்க்கிற முதலாளி என்று மட்டும் அவரை எழுதிவிட்டவர்கள் இந்தப் படத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1963-ல் "கொஞ்சும் குமரி" வந்தது. ஹாஸ்ய வேஷங்களில் பேர் வாங்கிவந்த மனோரமா அதில் கதாநாயகி. அதே வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி சுந்தரம் காலமானார். வயது 56. 

மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கர் துப்பாக்கியோடு துரத்தும் துப்பறியும் படங்கள் அதே தளங்களில் தயாராயின. "வல்லவனுக்கு வல்லவன்", "இரு வல்லவர்கள்", "சி.ஐ.டி.சங்கர்" எல்லாம் அந்தக் காலத்தவை. தந்தை காலத்தையும் மகன் காலத்தையும் சேர்த்தால் படங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டும். ஆனால் நட்சத்திரங்கள் சென்னையை விட்டு நகர மறுக்கும் நாட்கள் வந்துவிட்டன. மாதச் சம்பளத்துக்கு நடிகர் கிடைப்பது நின்றது. ஸ்டூடியோவும் நின்றது. தளங்கள் போயின, நிலம் கைமாறி வீடுகள் எழும்பின.

நுழைவாயில் வளைவு மட்டும் ஏற்காடு ரோட்டின் ஓரத்தில் தங்கிவிட்டது. 2023-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், தம் தந்தை வசனம் எழுதப் போய்வந்த அந்த வளைவின் முன் நின்று செல்பி எடுத்துக்கொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. கோடை விடுமுறையில் ஏற்காட்டுக்குப் போகும் பஸ்கள் அதைக் கடந்துதான் மலை ஏறுகின்றன. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் வயதானவர்கள் யாராவது இருந்தால், பக்கத்திலிருக்கும் பேரனைத் தட்டி அதைக் காட்டுவார்கள்.